யன்னலோரத்து இரண்டு பற்றரிகள்

சுவிஸ் நாட்டு ஓஸ்டர்முண்டிகனில் குலேந்திரனைத் தெரிந்த தமிழ்ச் சனம் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது: ‘ஆறட்டும் அண்ணை’. தேத்தண்ணி கொடுத்தால் ஆறட்டும் என்பார். கோயில் கூட்டத்தில் இரண்டு பேர் வாய்த்தர்க்கப்பட்டால், ஆறட்டும், பிறகு கதைப்பம் என்பார். கார் வாங்கப் போன இடத்தில் விற்கிறவனிடமே ஆறட்டும் என்று சொல்லிவிட்டு வந்த மனிசன், மூன்று வருஷமாக இன்னும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். சனத்துக்கென்ன, சிரிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சிரித்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய மனைவி ஜெயந்திக்குத் தெரியும். அது அவருடைய வேலையிலிருந்து வந்தது.

எண்பத்தாறில், இருபத்திரண்டு வயதில், ஒரு தோள்பையோடு சுவிஸுக்கு வந்தவர். அகதி முகாமில் செய்ய ஒன்றுமில்லாமல் காத்திருந்த மாதங்களில்தான் சிகரெட் கைக்கு வந்தது. பிறகு ஒன்பது வருஷம் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அதன் பிறகு பேர்ண் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைத்தார். நாற்பத்திநாலு வயதில், தன் வயதில் பாதிகூட இல்லாத சுவிஸ் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருந்து படித்து, டொச் பாஷையில் சோதனை எழுதிப் பாஸாகி, அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்குப் போனார். அங்கே எல்லோரும் அதை ‘ஸ்டெரி’ என்பார்கள். ஸ்டெரியில் சேர்ந்த அன்று அவர் வெள்ளை உடுப்போடு எடுத்த படம் இன்னும் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. கல்யாணப் படம் அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே தொங்குகிறது. ஜெயந்திக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் எப்போதும் உண்டு.

ஸ்டெரியில் ஒரு சட்டம் இருக்கிறது. நீராவிப் பெட்டிக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் கருவிப் பொதியை யாரும் தொடக்கூடாது. அது ஆறவேண்டும். சூட்டோடு தொட்டால் சுற்றியிருக்கும் துணி ஈரம் பிடிக்கும், ஈரத்தோடு கிருமி உள்ளே போகும், பிறகு பட்டபாடெல்லாம் வீண். வெளியே எடுத்தவர் நேரத்தை எழுதி ஒரு கையெழுத்து வைப்பார். ஆறியபின் இன்னொருவர் தொட்டுப் பார்த்து, சரி என்றால் இரண்டாவது கையெழுத்து வைப்பார். அந்த இரண்டாவது கையெழுத்தை நம்பித்தான் டொக்டர் கத்தியை எடுக்கிறார். பதினேழு வருஷம் குலேந்திரன் அந்தக் கையெழுத்தை வைத்தார். ஒரு பிழை வந்ததில்லை. மனிசன் வேறு எதற்கும் பெருமை அடித்ததில்லை, இதற்கு மட்டும் அடிப்பார், அடிக்கட்டுமே.

நாலு வருஷத்துக்கு முன்னர் டொக்டர் அவருடைய நெஞ்சுப் படத்தை விளக்கில் போட்டுக் காட்டி, இப்படியே சிகரெட் பிடித்தால் படியேற இன்னொருவர் தோள் வேண்டிவரும் என்றார். விட்டுப் பார்த்தார், முடியவில்லை. மகள் சரணியாதான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் மின் சிகரெட், ‘வேப்’ ஒன்று வாங்கிக் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதற்குள் விரல் தடிப்பில் இரண்டு பற்றரிகள். கடைக்காரப் பெடியன் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தான்: சார்ஜ் ஏறி முடிந்த பற்றரியை உடனே போடவேண்டாம், சூடு அடங்கும்வரை சும்மா கிடக்க விடுங்கள், நீண்ட காலம் உழைக்கும், ஆபத்தும் குறைவு என்று. குலேந்திரனுக்கு அதைக் கேட்டதும் தன் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்துவிட்டதாம். சரணியா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து வீட்டிலும் ஒரு ஸ்டெரி தொடங்கியது. வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ். ஏறி முடிந்ததும் கழற்றி, குளியலறை திருத்தியபோது மிஞ்சிய ஒரு வெள்ளை டைலில், ஒன்றுக்கொன்று நாலு விரல் தள்ளி, யன்னலோரப் பலகையில் வைப்பார். ஒரு மணித்தியாலம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பற்றரியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோல் எங்கேயாவது கீறுப்பட்டிருக்கிறதா என்று உருட்டி உருட்டிப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால்தான் பெட்டிக்குள் போடுவார்.

“நீர் ஒண்டையும் தொடாதையும்,” என்று முதல் நாளே ஜெயந்தியிடம் சொல்லிவிட்டார்.

“எனக்கென்ன விசரோ உதுகளைத் தொட,” என்றாள் அவள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வீடு துடைக்கும்போது, அந்த டைலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகும்போதெல்லாம், என்ரை வீட்டில் நான் தொடக்கூடாத இடமோ என்று மனதுக்குள் முணுமுணுக்காமல் இருந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனிசனுக்குச் சுகம் வந்தது. இரண்டாம் மாடிப் படியில் நின்று மூச்சு வாங்குவது நின்றுபோனது. வேப்பில் ஊற்றும் திரவத்தின் நிக்கொட்டின் காரத்தையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார்.

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. சம்பந்தி ஆக்கள் நொஷாட்டலில் இருந்து வருவதாக இருந்தது. மருமகன் பிருந்தனின் தாயும் தகப்பனும். சரணியா பதினாலு மாதக் குழந்தை ஜெனனியோடு காலையிலேயே வந்து, பிள்ளையை அறைக்குள் நித்திரையாக்கிவிட்டுக் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். குலேந்திரன் வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஜெயந்தி சேலை உடுத்தி, சட்டைப்பின் போட்டுவைக்கும் சில்வர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, தோளில் மடிப்புக் குத்தியபடி ஹோலுக்கு வந்தாள். மணி அடித்தது. சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்கள், என்ன சனமோ!

கதவைத் திறக்கப் போனவளின் கண்ணில் யன்னலோரம் பட்டது. வெள்ளை டைலில் இரண்டு பற்றரிகள்.

சம்பந்தம் பேசிய நாளில் பிருந்தனின் தாய் குடி, சிகரெட் ஏதும் உண்டோ என்று கேட்டதற்கு, “எங்கடை இவருக்கு ஒரு பழக்கமும் இல்லை” என்று சொன்னவள் ஜெயந்திதான். அவர் பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்த்தார். அந்தப் பொய்யை அவள் ஐந்து வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறாள். யோசிக்க நேரமில்லை. இரண்டு பற்றரிகளையும் அள்ளினாள், கையிலிருந்த டப்பாவுக்குள் பின்களோடு பின்னாகப் போட்டாள், மூடியை அழுத்தினாள், டப்பாவை யன்னல் திரைக்குப் பின்னால் தள்ளினாள். “வாங்கோ, வாங்கோ” என்று சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

குலேந்திரன் பழச் சீப்போடு வந்து சேர்ந்து, சம்பந்தியோடு இருந்து ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடித்திருக்கமாட்டார். திரைக்குப் பின்னால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். டப்பாவின் மூடி பறந்தது. பற்றரி ஒன்று சீறிக்கொண்டு தரையில் ஓடியது. திரை பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை ஹோலை நிறைத்து, பிள்ளை படுத்திருந்த அறைக் கதவு இடுக்கால் உள்ளே போனது. சரணியா கத்தின கத்தல் கீழ்த்தட்டு வரைக்கும் கேட்டதாம். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட, குலேந்திரன் எரிகிற திரையை வெறுங்கையால் இழுத்து விழுத்தி, ஈரத் துவாயால் அடித்து அணைத்தார். வலக்கை உள்ளங்கை வெந்துபோனது.

தீயணைப்புக்காரர் வந்து பார்த்தபோது அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர்களில் ஒருவர் கருகின பற்றரியைக் கையுறையில் வைத்துக்கொண்டு, இதை யன்னலில் வைத்தது யார் என்று கேட்டார்.

“நான்தான்,” என்றார் குலேந்திரன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த சரணியா, மாமன் மாமிக்கு முன்னால், தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்:

“அப்பா, பிள்ளை அங்கை படுத்திருந்தவள்! உங்களுக்குக் கவனம் எண்ட ஒண்டு இல்லையோ?”

கவனம் இல்லையோ என்று! குலேந்திரனைப் பார்த்து! அவர் கையில் கட்டுப்போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடிவாங்க நிற்கும் பிள்ளை மாதிரி நின்றார். ஜெயந்தி வாயைத் திறந்தாள். உண்மையாகத்தான் திறந்தாள். அதற்குள் சரணியா சொன்னாள்: “உந்தச் சாமான் இந்த வீட்டிலை இருக்குமட்டும் நான் பிள்ளையை இஞ்சை விடமாட்டன்.”

செவ்வாயும் புதனும் ஜெனனியைப் பார்ப்பதற்காகவே ஜெயந்தி தன் துப்புரவு வேலையை விட்டிருந்தாள். அந்த இரண்டு நாளுக்காகவே மற்ற ஐந்து நாளும் அவளுக்கு விடிந்தது. பிழை சாமானில் என்றால் சாமானை எறியலாம். பிழை அம்மம்மாவில் என்றால் பிள்ளையை யார் விடுவார்கள்? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் தரையைத் துடைக்கும்போது சோபாவுக்குக் கீழே டப்பா கிடந்தது. அடியில் சட்டைப்பின்கள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பின் முட்டித்தான் பற்றரி வெடித்தது என்று பார்த்தவுடன் அவளுக்கு விளங்கியது. மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, கீழே இருந்த குப்பைத் தொட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். குலேந்திரன் தன் வேப் பெட்டியை, சார்ஜரை, மிச்சமிருந்த பற்றரிகளை எல்லாம் பொறுக்கி, வாங்கின கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மணி அடித்தது, ஜெனனி வந்தாள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் ஜெயந்தி நினைத்தாள். ஆனால் மனிசனுக்கு முடியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்: “நான் டைலிலை வைச்சது நல்ல ஞாபகம் இருக்கு. ஆனா அது சனிக்கிழமை வைச்சதோ, வெள்ளிக்கிழமை வைச்சதோ?” ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிச் செய்கிறவனுக்கு ஒரு நாளை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. “தோல் கீறுப்பட்டிருந்ததோ? நான் கண்ணாடி போட்டுப் பாத்தனானோ?” என்பார். “விடுங்கோப்பா, நடந்தது நடந்துபோச்சு” என்பாள் ஜெயந்தி. சொல்லிவிட்டு, சோறு போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவாள்.

வேலையிடத்தில் ஆறின பொதியை மூன்று தரம் தொட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாத பொதிகளைத் திரும்பவும் பெட்டிக்குள் போடச் சொன்னார். அறுவைச் சிகிச்சைக்குக் கருவி பிந்தியது. ‘ஷெஃபின்’ என்று அவர்கள் கூப்பிடும் மேலதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டு, கை இன்னும் நோகிறதா என்று அன்பாகத்தான் கேட்டாள். ஒரு நாள் பேனையைப் பிடித்தபடி கையெழுத்து வைக்க முடியாமல் அப்படியே நின்றாராம். அதை அவரே வந்து, வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஜெயந்திக்குச் சொன்னார். நவம்பர் நடுவில் அவருடைய குளிர்ச் சட்டையில் சிகரெட் மணத்தது. இரண்டாம் மாடிப் படியில் அவர் நிற்பது கதவுக்கு உள்ளேயிருந்தே கேட்டது. அந்த மூச்சு இழுப்பைக் கேட்டுக்கொண்டு ஜெயந்தி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கடவுளே, நான் ஒரு மனிசியோ என்று அழுதாள். அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு, மத்தியானம். அவள் குசினி மேசையில் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே அவர் ஒரு தாளில் டொச்சில் எழுதினார், வெட்டினார், திரும்ப எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

“நாளைக்கு ஷெஃபினிட்டைக் குடுக்கப்போறன்.”

“என்னது?”

“வேலையை விடுறன்.”

“இன்னும் நாலு வருஷம் கிடக்கே!”

“நாலு வருஷமோ நாலு நாளோ. ரெண்டு பற்றரியைக் கவனமா வைக்கத் தெரியாதவன், ஒருத்தரின்ரை வயித்துக்குள்ளை போற கத்திக்குக் கையெழுத்து வைக்கேலாது. பேரப்பிள்ளையை எரிச்சுப்போடப் பாத்தவன் நான்.” சொல்லும்போது குரல் உடைந்தது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவருடைய குரல் உடைந்து அவள் கேட்டதில்லை.

அவள் கத்தியை மேசையில் வைத்தாள்.

“நீங்கள் இல்லை,” என்றாள். “நான்.”

அவர் விளங்காமல் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மணி அடித்ததை, டப்பாவை, சட்டைப்பின்களை, மூன்று பைகளை. முடிந்த பிறகு அவர் கேட்டார்.

“நீர் எடுக்கேக்கை ரெண்டும் டைலிலையோ கிடந்தது?”

“ஓம்.”

“தள்ளித் தள்ளியோ?”

“ஓமப்பா. நாலு விரல் தள்ளி.”

“அப்ப நான் சரியாத்தான் வைச்சிருக்கிறன்,” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. அவருடைய முகத்தில் வந்த நிம்மதியை ஜெயந்தியால் பார்க்க முடியவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

பிறகுதான் கோபம் வந்தது. ஆறட்டும் அண்ணைக்கும் வரும்தானே. குரலை உயர்த்தவில்லை.

“ஏழு கிழமை, ஜெயந்தி.”

“சரணியா என்னைக் கேவலமாப் பாப்பாள், பிள்ளையை விடமாட்டாள் எண்டு பயந்துபோனன்.”

“என்னைப் பாத்தவள்தானே. ஏழு கிழமையும் பாத்தவள். அது உமக்குப் பரவாயில்லையோ?”

அவர் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தபோது சட்டையில் சிகரெட் மணம் இல்லை, குளிர்தான் இருந்தது. வாசலில் நின்றபடியே, “சரணியாவுக்கு நீர்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்” என்றார்.

சொன்னாள். தொலைபேசியில் சரணியா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, “நான் யோசிக்கவேணும், அம்மா. செவ்வாய்க்கிழமைக்கு வேறை ஆரையும் பாக்கிறன். அப்பாவிட்டைக் குடுங்கோ” என்றாள். ஜெயந்தி போனைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அங்கேயிருந்து அவருடைய குரல் மட்டும் கேட்டது: “ஓம் பிள்ளை… இல்லை, இல்லை… அழாதை ராசாத்தி. அப்பாவுக்கு ஒண்டுமில்லை.”

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, வீதியில் வைக்கக் கட்டியிருந்த பழைய பேப்பர்க் கட்டுக்குள் அந்தக் கடிதம் இரண்டாகக் கிழித்துச் செருகப்பட்டிருந்ததைக் கண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் ஜெயந்தி கரட் அவித்து மசித்து வைத்திருந்தாள். குழந்தைக் கதிரையை ஒரு தரம் துடைத்தாள். பிறகு இன்னொரு தரம் துடைத்தாள். இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. குலேந்திரன். பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் நேரத்துக்கு முந்தி வராத மனிசன் ஒன்றரை மணித்தியாலம் முந்தி வந்து நிற்கிறார்.

“என்னப்பா, சுகமில்லையோ?”

“சும்மா. ஷெஃபினிட்டைக் கேட்டுக்கொண்டு வந்தனான்,” என்றார். “நீர் தனிய இருப்பீர்.”

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் முழு வசனம் அது. கையில் கடைப் பை இருந்தது. புதிய வேப், புதிய சார்ஜர், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு பற்றரிகள். மேசையில் சார்ஜ் போட்டுவிட்டு, மசித்த கரட்டை எடுத்து மிளகுத்தூள் தூவி, சோற்றோடு சாப்பிட்டார். சார்ஜ் ஏறி முடிய ஐந்து மணியாயிற்று. பற்றரிகளைக் கழற்றினார். புகை படிந்து, பிறகு கழுவி வைத்திருந்த அதே வெள்ளை டைலை யன்னலோரப் பலகையில் வைத்து, அதில் நாலு விரல் தள்ளி இரண்டையும் கிடத்தினார். ஒரு சின்னக் கடதாசியில் நேரத்தை எழுதி, கையெழுத்து வைத்து, டைலுக்குப் பக்கத்தில் வைத்தார். கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கோடு கீறி வெறுமையாக விட்டிருந்தார்.

ஒரு மணித்தியாலமும் இரண்டு பேரும் ஹோலில் இருந்தார்கள். தொலைபேசி ஒரு தரமும் அடிக்கவில்லை. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். “சரணியாவுக்கும் ஆறட்டும்,” என்றார். ஆறு மணிக்கு எழும்பி, பேனையை அவளிடம் நீட்டினார்.

“ரெண்டாவது கையெழுத்து உம்மடை.”

“நானோ?”

“வேறை ஆர் இருக்கினம் இந்த வீட்டிலை?”

கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. கோடு மட்டும் தெரிந்தது. அவள் குனிந்து பேனையைக் கோட்டில் வைக்கப் போனாள்.

“அப்பிடி வைக்கேலாது,” என்றார் அவர். “தொட்டுப் பாத்திட்டு வையும்.”

ஜெயந்தி விரலை நீட்டி முதலாவதைத் தொட்டாள். பிறகு இரண்டாவதைத் தொட்டாள். இரண்டும் ஆறியிருந்தன. கையெழுத்து வைத்தாள்.